இலையுதிர் காலத்துல காட்டு வான்கோழிய எங்க தேடுறது?

வணக்கம் மக்களே! இன்னைக்கு அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்தோட மேற்கு ஓரம், ஜார்ஜ் வாஷிங்டன் நேஷனல் ஃபாரஸ்ட். பொது நிலம்தான், யார் வேணா வரலாம். ஆனா வேட்டைக்கு மாநில லைசென்ஸ் மட்டும் பத்தாது, நேஷனல் ஃபாரஸ்ட் பெர்மிட் தனியா எடுக்கணும். சீசன் தேதி கவுன்டிக்கு கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மாறும், அத முதல்ல பாத்துருங்க.

வசந்த காலத்துல சேவல், அதாவது ஆண் வான்கோழி, கத்துற சத்தத்த வச்சே இடத்த பிடிச்சிரலாம். இப்ப அது பெருசா கத்தாது. அதனால தீனி எங்கன்னு பாருங்க, கோழி அங்கதான். உறைபனி விழுற வரைக்கும் புல்வெளி ஓரத்துல வெட்டுக்கிளி பொறுக்கும். பனி விழுந்து பூச்சி செத்ததும் ஓக் மரத்துக் கொட்டைக்கு மாறிரும். போன வாரம் பாத்த கூட்டம் இந்த வாரம் காணோம்னா பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஓக்லயும் எந்த ஓக்குன்னு பாக்கணும். இலை ஓரம் உருண்டையா இருந்தா வெள்ளை ஓக், முள்ளு மாதிரி கூரா இருந்தா சிவப்பு ஓக். வெள்ளை ஓக் கொட்டைல துவர்ப்பு கம்மி, அத முதல்ல காலி பண்ணும். எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்க்காது. நல்லா காய்ச்ச வருஷத்துல கோழிங்க காட்டுக்குள்ளயே கிடக்கும், கண்ணுலயே படாது. காய்ப்பு பொய்ச்ச வருஷம் தீனி தேடி ரொம்ப தூரம் அலையும், வயல் ஓரத்துக்கும் வரும். நம்ப மாட்டீங்க, வேட்டைக்கு அந்த வருஷம்தான் சுலபம்.

இங்க பாருங்க, கேமராவ கிட்ட கொண்டு போறேன். சருக கிளறி விட்ருக்கு. அணில்னா சின்ன குழி ஒண்ணு இருக்கும், அவ்ளோதான். இது கூட்டமா கிளறினது, சரிவு முழுக்க இருக்கு பாருங்க. கால் சருக பின்னாடி தள்ளும். அதனால குவியல் இந்தப் பக்கம்னா கோழி போனது எதிர்ப்பக்கம். புதுசா பழசா? மண்ணு இன்னும் கருப்பா ஈரமா இருக்கு, புரண்ட சருகோட அடிப்பக்கமும் காயல. குழிக்குள்ள புது இலை ஒண்ணுகூட விழல. மரம் இலை கொட்டுற இந்த மாசத்துல இதவிட நல்ல கடிகாரம் கிடையாது. குழிக்குள்ள இலை நிறைஞ்சிருந்தா நேரத்த வீணாக்காம நடைய கட்டுங்க.

எச்சத்தையும் விடாதீங்க. ஜே எழுத்து மாதிரி நீளமா வளைஞ்சிருந்தா சேவல், சுருண்டு கட்டியா இருந்தா பெட்டை. ஒரே மரத்தடில குவிஞ்சு கிடந்தா மேல ராத்திரி அடையுதுன்னு அர்த்தம்.

மேப்ல கேட் போட்டு அடைச்ச ஃபாரஸ்ட் ரோடா தேடுங்க. வண்டி போகாத ரோட்ல முக்கால்வாசி பேர் நடக்க மாட்டாங்க. மழை பெஞ்ச மறுநாள் சருகு சத்தம் போடாது, நடக்க வசதி. காஞ்சு கிடந்தா நடக்காதீங்க, உக்காந்து காதைத் தீட்டுங்க; கூட்டம் கிளறுற சத்தம் நல்லாவே கேக்கும்.

கூட்டத்த பாத்துட்டா கலைக்கணும். சிதறினதுங்க மறுபடி ஒண்ணு சேரப் பாக்கும், அப்ப அதுங்க குரல்ல நாம கூப்பிட்டா கிட்ட வரும். துப்பாக்கிய காலி பண்ணி கீழ வச்சிட்டு ஓடுங்க. குண்டு போட்ட துப்பாக்கியோட ஓடுறது சாவு விளையாட்டு. நாலா பக்கமும் சிதறணும். எல்லாம் ஒரே பக்கமா பறந்துச்சுன்னா போய் அங்க சேந்துக்கும், உங்க கூப்பாட்டுக்கு வராது. சிதறினா அதே இடத்துல பெரிய மரமா பாத்து முதுக சாச்சு உக்காருங்க. உடனே கூப்பிடாதீங்க, கால் மணி, அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் இளசுங்க போடுற "கீ-கீ" விசில் மாதிரி கூப்பிடுங்க. தாய் பெட்டை முந்திக்கிட்டு கூப்பிட்டா குஞ்செல்லாம் அதுகிட்ட போயிரும். எழுந்து அத விரட்டி விடுங்க. சேவல் கூட்டம்னா பொறுமை வேணும், திரும்பிச் சேர மணிக்கணக்கு ஆகலாம்.

12 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன், 5 அல்லது 6 நம்பர் சின்னக் குண்டு, 40 கெஜத்துக்குள்ள மட்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்புல வேண்டாம், சேவல் தலை நிறம் அது. இன்னொரு வேட்டைக்காரர் கண்ணுக்கு நீங்களே கோழியா தெரிவீங்க. நடக்கும்போது ஆரஞ்சு தொப்பி போடுங்க. அடிச்ச கோழிய தூக்கிட்டு வரும்போதும் அது மேல ஆரஞ்சு துணி சுத்திக்கோங்க.