கூத்தாடியும் கூலிக்காரனும்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் முதல்வர் அவர்களே, வேலைகளையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் நீதியரசர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டே இருக்கும் தம்பியே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய நிகழ்த்துகலைஞர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நிகழ்த்துகலை என்பது நாடகமும் இல்லை, நாட்டியமும் இல்லை. கலைஞர் தன்னையே பொருளாக வைத்து நம் கண்முன் செய்துகாட்டும் பரிசோதனை. உடம்பு, நேரம், பார்வையாளர் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

உடம்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1974-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மரீனா அப்ரமோவிச் என்ற நிகழ்த்துகலைஞர் ஒரு மேசைமேல் 72 பொருள்களை வைத்தார். ரோஜா, கத்தரிக்கோல், துப்பாக்கி, ஒரு தோட்டா எல்லாம் அதில் உண்டு. ஆறு மணி நேரம் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அசையாமல் நின்றார். ரோஜாவில் தொடங்கிய கூட்டம் ஆடையை வெட்டியது, தோலைக் கீறியது, துப்பாக்கியைக் குறிவைக்கிற அளவுக்குப் போனது. நேரம் முடிந்து அவர் நடக்கத் தொடங்கியதும், அதே ஆட்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் ஓடிவிட்டார்கள்.

அடுத்தது நேரம். ‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்பார்கள். விடிந்தால் ஆட்டம் முடியும் என்று அவன் பார்ப்பான். பொழுது அடைந்தால் வேலை முடியும் என்று இவன் பார்ப்பான். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்று என் வீட்டிலேயே கேலி உண்டு. ஆனால் இரண்டு திசையையும் ஒருசேரப் பார்த்த ஒரு மனிதர் இருக்கிறார்.

தைவானில் பிறந்த நிகழ்த்துகலைஞர் டெச்சிங் ஷியே. 1980 ஏப்ரலில், நியூயார்க்கில், தன் அறைச் சுவரில் ஒரு கடிகாரத்தை மாட்டினார். தொழிற்சாலை வாசலில் அட்டையைச் செருகி நேரம் பதிவார்களே, அந்தக் கடிகாரம். சாம்பல் நிறச் சீருடை போட்டார், தலையை மொட்டையடித்துக்கொண்டார். மணிக்கொரு தடவை அட்டையைச் செருக வேண்டும், பக்கத்திலே நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். பகலில் மட்டுமா? ராத்திரி ஒரு மணிக்கும், இரண்டு மணிக்கும், மூன்று மணிக்கும்! எத்தனை நாளைக்கு என்கிறீர்கள்? ஒரு வருஷம்! சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே ஓடிவர வேண்டும். பல் டாக்டரிடம் போனால் வாயைத் திறந்தபடியே மணி பார்க்க வேண்டும். நம் வீட்டில் அலாரம் அடித்தால் நாம் என்ன செய்கிறோம் என்று நமக்குத் தெரியும்.

மொத்தம் 8,760 தடவை. அதில் அவர் தவறவிட்டது 133. தூங்கிப்போனது 94, தாமதமாகப் பதிந்தது 29, அவசரப்பட்டு முன்பே பதிந்தது 10. தவறியதையும் கணக்கெழுதி வைத்தார் பாருங்கள், நீதியரசர் சிரிக்கிறார்! அந்தப் படங்களைக் கோத்து ஓட்டினால் ஒரு வருஷம் ஆறே நிமிஷத்தில் ஓடிவிடுகிறது. முடி மட்டும் மளமளவென்று வளர்கிறது.

இத்தனை நேர்மையாக வேலை பார்த்தவருக்குக் கூலி கொடுத்தது யார்? யாருமில்லை. அந்த நாட்டில் குடியிருக்க அவரிடம் அப்போது முறையான தாளும் கிடையாது. பாத்திரம் கழுவியும் தரை துடைத்தும் வயிறு வளர்த்தவர்.

நான் வந்த விஷயமே இதுதான். 2011-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகம் ஒன்றில் நிதி திரட்டும் விருந்து. சாப்பாட்டு மேசை நடுவில் துளை, அதில் ஒரு கலைஞரின் தலை, சுற்றிலும் பணக்காரர்கள். மணிக்கணக்காக அப்படி இருந்ததற்குக் கிடைத்தது 150 டாலர். நடனக் கலைஞர் யிவான் ரெய்னர் பகிரங்கமாகக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அந்த விருந்தை வடிவமைத்தவர் யார் தெரியுமா? நேப்பிள்ஸில் நின்ற அதே அப்ரமோவிச்! கூத்தாடி கிழக்கே பார்ப்பான், சரி. கூலி எந்தத் திசையிலிருந்து வரும்?

மியர்ல் லேடர்மேன் யூகலிஸ் என்ற இன்னொரு கலைஞர் 1979-ல் தொடங்கி நியூயார்க் துப்புரவுத் தொழிலாளர்கள் 8,500 பேருக்கும் கைகொடுத்து நன்றி சொன்னார். அந்தத் துறையின் அதிகாரபூர்வக் கலைஞர் அவர். பதவி உண்டு, சம்பளம் இல்லை!

கூலி கொடுப்பது முடியாத காரியமா? டீனோ சேகல் என்ற கலைஞர் தன் படைப்புகளைக் காகிதமே இல்லாமல் விற்கிறார். சாட்சி வைத்து வாய்மொழியாகவே பேரம். அந்த வாய்மொழியிலும், செய்துகாட்டுகிறவர்களுக்குக் கூலி தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. பக்கம் பக்கமாக ஒப்பந்தம் போடும் நிறுவனங்களுக்கு ஒரு வரி சேர்க்கவா இடமில்லை?

மூன்றாவதாகப் பார்வையாளர்... சீட்டு வந்துவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதைப் பதிவு செய்யாமல் விட்டாரே என்று சந்தோஷப்படுகிறேன். வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. ஒத்திகை நேரத்துக்கும் கூலி, நீண்ட நிகழ்வுகளில் மாற்று ஆள், அடிபட்டால் மருத்துவச் செலவு, இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து தலைவருடையது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பேனா என்னிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.