டெல்லி 1, சஃப்தர்ஜங் ரோடு: இந்திரா காந்தி மியூசியம் போறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

வணக்கம் மக்களே! முதல்ல ஒரு எச்சரிக்கை. ஆட்டோக்காரர்கிட்ட வெறுமனே "இந்திரா காந்தி சமாதி"ன்னு சொல்லிடாதீங்க. நேரா யமுனைக் கரையில இருக்கிற சக்தி ஸ்தலத்துல கொண்டுபோய் விட்டுடுவாரு. அது தகனம் நடந்த இடம். நமக்கு வேண்டியது அவங்க குடியிருந்த வீடு. "சஃப்தர்ஜங் ரோடு, ஒன்னாம் நம்பர்"னு சொல்லுங்க. மெட்ரோன்னா மஞ்சள் லைன்ல லோக் கல்யாண் மார்க். பழைய பேரு ரேஸ் கோர்ஸ்.

திங்கட்கிழமை லீவு. டிக்கெட் கிடையாது. காலையில 9.30க்குத் திறந்ததும் உள்ள போயிடுங்க, ஏன்னா இது பங்களா, பெரிய ஹால் எல்லாம் இல்ல. டூரிஸ்ட் பஸ் ஆளுங்க வந்துட்டா பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே இருப்பாங்க, நின்னு படிக்கவே முடியாது. விளக்கமெல்லாம் இந்தி, இங்கிலீஷ்லதான். வீட்ல பெரியவங்க வந்தா நீங்கதான் படிச்சுச் சொல்லணும்.

நேரு ஜெயில்ல நூத்த நூல்ல நெய்த இந்திராவோட கல்யாணப் புடவை இங்க இருக்கு. 1942 கல்யாணம். அதைத் தேடிப் பாருங்க. படிக்கிற அறை, சாப்பாட்டு அறை எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பாக்கணும். வெளிச்சம் பட்டு நம்ம முகமே தெரியும். கொஞ்சம் பக்கவாட்டுல நின்னா உள்ள இருக்கிற புத்தக அலமாரி தெளிவாத் தெரியும்.

அடுத்து, 1984 அக்டோபர் 31 அன்னிக்கு அவங்க கட்டியிருந்த புடவை. குண்டு துளைச்ச ஓட்டைகளோட அப்படியே இருக்கு. டிவி பேட்டிக்குக் கிளம்பினதால அன்னிக்கு புல்லட் ப்ரூஃப் போடல. ராஜீவ் காந்தி பகுதியில நம்ம ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 ராத்திரி போட்டிருந்த குர்தாவோட கிழிசல், ஷூ. தமிழ்நாட்டுக்காரங்க பேச்சை நிறுத்திடுற இடம் இது.

இதோட முடிஞ்சுதுன்னு நிறைய பேர் கேட்டைப் பாத்து நடந்துடுறாங்க. தப்பு! தோட்டத்துக்குள்ள போங்க. வீட்லேருந்து பக்கத்து அக்பர் ரோடு ஆபீசுக்கு அவங்க நடந்த பாதை மேல செக்கோஸ்லோவாக்கியா குடுத்த கிரிஸ்டல் பதிச்சிருக்காங்க. அவங்க சுடப்பட்டு விழுந்த இடத்துல மட்டும் சாதாக் கண்ணாடி. குனிஞ்சு பாத்தாதான் கீழ ரத்தக் கறை தெரியும், அதுவும் மங்கலா. என்னைக் கேட்டா மொத்த மியூசியத்துலயும் இதுதான் முக்கியம்.

நேரம் இருந்தா அப்படியே தீஸ் ஜனவரி மார்க்ல காந்தி ஸ்மிருதி, அதாவது மகாத்மா காந்தி சுடப்பட்ட வீடு. ஆட்டோல கொஞ்ச தூரம்தான். அங்கயும் திங்கள் லீவு, அதனால டெல்லி ப்ளான்ல திங்கட்கிழமையை வேற எதுக்காவது ஒதுக்கிடுங்க.