இரண்டு கண்ணால் தன்னைப் பார்ப்பவர்கள்: டு பாய்ஸும் பொலானியும்

[திரையில்: கையகல விசிட்டிங் கார்டு ஒன்று. பின்னால் பழைய பள்ளிக்கூடம்.]

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பேரிங்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒருநாள் ஒரு ஆசை வந்தது. பத்து சென்ட் கொடுத்து ஒரு கட்டு விசிட்டிங் கார்டு வாங்கி, பெரியவர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். புதிதாக வந்த உயரமான சிறுமி ஒருத்தி மட்டும் ஒரு பையனுடைய கார்டை வாங்கவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். தான் மற்றவர்களைப் போல இல்லை, நடுவில் ஒரு திரை இருக்கிறது என்று அந்தக் கறுப்பினப் பையனுக்கு அன்றுதான் புரிந்தது.

1868இல் பிறந்த அந்தப் பையன்தான் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். அந்தக் கார்டு சம்பவத்தை 1903இல் வெளியான தன் கட்டுரைத் தொகுப்பின் முதல் பக்கங்களிலேயே சொல்கிறார். அங்கிருந்துதான் 'இரட்டைத் தன்னுணர்வு' என்ற கருத்துக்கு வருகிறார்.

என்ன அது? நம்மை நம் கண்ணால் பார்ப்பது ஒன்று. நம்மை ஏளனமாகப் பார்க்கும் ஒருவனுடைய கண்ணால் நம்மையே அளந்துகொண்டிருப்பது இன்னொன்று. இந்த இரண்டும் ஒரே தலைக்குள் ஒரே நேரத்தில் நடக்கிறது. நான் அமெரிக்கன், நான் கறுப்பன். இரண்டையும் ஒன்றாக இருக்கவிடாத நாடு வெளியே இருக்கிறது.

இதை மனநோய் என்று படித்துவிடாதீர்கள். பிளவை உண்டாக்கியது சமூகம். அதைச் சுமப்பது மனிதன். இன்னொன்றும் சொல்கிறார். திரைக்குப் பின்னால் இருப்பவனுக்கு ஒரு கூடுதல் பார்வை கிடைக்கிறது. வேலைக்காரிக்கு எஜமானி வீட்டுச் சமையலறையும் தெரியும், தன் வீட்டுச் சமையலறையும் தெரியும். எஜமானிக்கு ஒன்றுதான் தெரியும். இந்த உதாரணம் என்னுடையது. கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

[திரையில்: வியன்னா, 1933.]

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். கார்ல் பொலானி 1886இல் வியன்னாவில் பிறந்து புடாபெஸ்டில் வளர்ந்தவர். வியன்னாவில் ஒரு பொருளாதார வார இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தார். பாசிசம் நெருங்கியபோது, 1933இல் லண்டனுக்குப் போய்த் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தார். அந்த வகுப்புகளுக்காக இங்கிலாந்தின் தொழிற்புரட்சி வரலாற்றைத் தோண்டத் தோண்ட, அவருக்குள் ஒரு புத்தகம் உருவானது. 1944இல் அது வெளிவந்தது.

வாரச் சந்தை, திருவிழாச் சந்தை எல்லாம் மனிதர்களுக்குப் பழையவை, அவற்றால் ஆபத்து இல்லை என்கிறார். சமூகம் முழுவதையும் சந்தையின் வால் ஆக்கியதுதான் புதியது. அதற்காக மூன்று விஷயங்களைச் சரக்காக்கினார்கள்: உழைப்பு, நிலம், பணம். இவற்றில் எதுவும் விற்பதற்காகச் செய்யப்பட்டது இல்லை. உழைப்பு என்பது ஒரு மனிதனின் வாழ்நாள். நிலம் என்பது இயற்கை. அதனால் இவற்றைக் 'கற்பனைச் சரக்கு' என்றார். விலை விழுந்தால் துணியைக் கிடங்கில் போட்டுப் பூட்டலாம். மனிதனைப் பூட்டி வைத்தால் செத்துப்போவான்.

ஆகவே சந்தை விரிய விரிய, சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்துத் தள்ளுகிறது. தொழிற்சங்கம், தொழிற்சாலைச் சட்டம், இறக்குமதி வரி எல்லாம் அந்தத் தள்ளல்தான். 1847இல் பிரிட்டனின் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் வேலைநேரம் நாளுக்குப் பத்து மணி என்று சட்டம் வந்தது ஒரு உதாரணம். இந்த முன்னும் பின்னுமான அசைவுக்கு 'இரட்டை இயக்கம்' என்று பெயர் வைத்தார். எதிர்ப்பு எப்போதும் நல்ல முகத்தோடு வரும் என்று அவர் சொல்லவில்லை. பாசிசமும் அதே நெருக்கடியிலிருந்து கிளம்பியதுதான் என்று கண்ணால் கண்டவர் அவர்.

இந்த இடத்தில் நம் ஊரும் வருகிறது. இந்தியப் பஞ்சங்களைப் பற்றிப் பொலானி எழுதுகிறார்: ஒரு பக்கம் தானியத்துக்குத் தடையில்லாச் சந்தை, மறுபக்கம் மக்கள் கையில் காசில்லை, சாவு அங்கேதான் வந்தது என்று. தாது வருஷப் பஞ்சம் அப்படிப்பட்டதுதான். 1876–78இல் சென்னை மாகாணத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் தானிய வியாபாரத்தில் கைவைக்கக் கூடாது என்பதே வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமந்தவருக்கு, பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, அப்படிப் பசித்த கைகள் தோண்டியது.

[திரையில்: இரு உருவப்படங்கள் அருகருகே.]

சரி, இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இருவருடைய சொல்லிலும் 'இரட்டை' இருப்பது தற்செயல். பொலானியின் இரட்டை வெளியே, சட்டத்திலும் தெருவிலும் நடக்கிறது. டு பாய்ஸின் இரட்டை உள்ளே நடக்கிறது. பொலானியைப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கும். சமூகம் தன்னைக் காத்துக்கொள்கிறது என்கிறாரே, எந்தச் சமூகம்? அதில் யார் யார் சேர்த்தி?

அவர் விவரிக்கும் ஆலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்கத் தெற்கின் தோட்டங்களிலிருந்து. அங்கே மனிதன் கற்பனைச் சரக்கு இல்லை, நிஜச் சரக்கு. நியூ ஆர்லியன்ஸ் ஏலத்தில் அவனுக்கு விலை சொன்னார்கள். வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அந்த அடிமை மக்கள் தோட்டங்களை விட்டு வடக்குப் படைகளை நோக்கி நடந்ததை, சுமார் 5 லட்சம் பேர் சேர்ந்த பொது வேலைநிறுத்தம் என்று டு பாய்ஸ் எழுதினார். சந்தைக்கு எதிராக இதைவிடப் பெரிய எதிர்ப்பு எது? பொலானியின் கதையில் அதற்கு உரிய இடம் இல்லை. இது பெரிய ஓட்டை என்றே நான் நினைக்கிறேன்.

டு பாய்ஸ் அப்படி எழுதிய புத்தகம் வந்தது 1935இல். அதிலேயே இன்னொரு கேள்விக்கும் பதில் தேடுகிறார். ஏழை வெள்ளைத் தொழிலாளி ஏன் ஏழைக் கறுப்புத் தொழிலாளியோடு சேரவில்லை? வெள்ளையனுக்கும் கூலி குறைவுதான். ஆனால் அவனுக்குப் பணமாக இல்லாத இன்னொரு கூலி கிடைத்தது: தெருவில் மரியாதை, பூங்காவில் அனுமதி, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். 'மனக்கூலி' என்று தமிழில் சொல்லலாம். பிளந்து கிடப்பது கறுப்பனின் மனம் மட்டும் இல்லை என்று இங்கே தெரிகிறது.

அதே 1935இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தோருக்கு உதவி. பொலானியின் இரட்டை இயக்கத்துக்குப் பாடநூல் உதாரணம். ஆனால் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் அந்தத் திட்டங்களில் சேர்க்கவில்லை. தெற்கில் கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு வேலைதான். இவர்களிடம் வரி வசூலிப்பது கடினம் என்பதால்தான் விட்டார்கள் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். தெற்கத்திய அரசியல்வாதிகளின் அழுத்தம் என்று வேறு சிலர். காரணம் எதுவானாலும், குடை விரிந்தது, நனைந்தவர்கள் நனைந்துகொண்டே இருந்தார்கள். 1950இல்தான் சட்டம் திருத்தப்பட்டு அவர்களில் ஒரு பகுதியினர் உள்ளே வந்தார்கள்.

[திரையில்: ஆளில்லாத பேருந்து. மான்ட்கோமரி, அலபாமா.]

1955 டிசம்பர் 5. பேருந்தில் வெள்ளையருக்கு ஓர் இடம், கறுப்பினத்தவருக்கு ஓர் இடம் என்று பிரித்ததை எதிர்த்து, மான்ட்கோமரியின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார்கள். 381 நாள். பேருந்தை விட்டு நடந்தவர்களில் வெள்ளையர் வீடுகளில் சமைத்த, துவைத்த பெண்கள் ஏராளம். 1935 சட்டம் கணக்கில் எடுக்காத அதே பெண்கள். அவர்களை ஏற்றிச் செல்லக் கார்கள் ஏற்பாடானபோது பெட்ரோலுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர் ஒரு குழு சேர்த்தார். பெண்கள் வீட்டில் கேக்கும் 'பை' (pie) என்ற இனிப்புப் பலகாரமும் செய்து விற்று, பணத்தைக் கூட்டத்தில் கொடுத்தார்கள். யார் கொடுத்தது என்று தெரிந்தால் வேலை போகும். அதனால் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

பகலில் எஜமானியின் அடுப்படியில் தலைகுனிந்து நிற்பவரும், இரவில் தன் அடுப்படியில் போராட்டத்துக்கு மாவு பிசைபவரும் ஒரே ஆள். எஜமானி தன்னை எப்படிப் பார்க்கிறாள் என்று அவருக்கு அத்துபடி. அதனால்தான் அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடிந்தது. அவர்கள் விற்றதும் சந்தையில்தான், டிக்கெட் வாங்க மறுத்ததும் சந்தையில்தான். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது: எங்கிருந்தும் இல்லை.