செக்குபந்தியில் இல்லாத சொத்து

(சேலத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

'மாறிவரும் பேட்டைகள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய இருவரும் பேராசிரியர்கள். நான் பத்திரம் எழுதுகிறவன். 31 வருஷமாக அதுதான் பிழைப்பு. ஆனால் நம் சேலத்துப் பேட்டைகளான குகையிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாப்பேட்டையிலோ ஒரு தெரு மாறப்போகிறது என்றால், அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரிவதற்கு ஆறு மாதம் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். முதலில் ஒரு வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்க ஒருவர் வருவார். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்பார். மூன்றாம் முறை வரும்போது கூடவே ஒரு இன்ஜினீயர் இருப்பார். சரி, அந்த வரிசை முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

கையோடு ஒரு பழைய பத்திரம் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பத்திரம்தான், அதனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொத்து விவரத்தை மட்டும் வாசிக்கிறேன். செக்குபந்தி என்றால் சொத்தின் நாலு பக்கத்து எல்லை, பாத்தியம் என்றால் உரிமை, மாமூல் தடம் என்றால் வழக்கமாகப் போய்வரும் வழி. "இதற்குச் செக்குபந்தி: பாவடிக்குத் தெற்கு, கிழமேல் வீதிக்கு வடக்கு, தறிக்காரர் வீட்டுக்கு மேற்கு, பொதுக்கிணற்றுச் சந்துக்குக் கிழக்கு. இதன் மத்தியில் கிழமேலடி 18, தென்வடலடி 54. கிணற்றில் தண்ணீர் சேந்தும் பாத்தியமும், சந்தில் போகவர மாமூல் தடப் பாத்தியமும் உட்பட." தறிக்காரர் பெயரை நான் வாசிக்கவில்லை.

இதே வரிசையில் மூன்று வீடு தள்ளிப் போன வருஷம் ஒரு பத்திரம் எழுதினேன். வடக்கே பார்க்கிங், தெற்கே ரோடு, கிழக்கும் மேற்கும் கடை எண்கள். கிணறும் கிடையாது, மாமூலும் கிடையாது. எழுதியவன் நானேதான், கூலியும் வாங்கிக்கொண்டேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கேட்பார்கள்.

பாவடி என்றால் என்ன என்று இங்கிருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் பக்கத்து நெசவு ஊர்களில் எல்லாம் நெசவாளர்கள் பொதுவாக ஒரு திறந்த வெளியை விட்டுவைத்திருந்தார்கள். விடியற்காலையில் அங்கே பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, நீளமாக நீட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் நீவிக் காயவைப்பார்கள். நீட்டுவதற்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் வேண்டும். உன் பாவுக்கு நான் வந்தால் என் பாவுக்கு நீ வரவேண்டும். பஞ்சாயத்தும் அங்கேதான், கல்யாணப் பந்தலும் அங்கேதான். சேலத்தில் பள்ளிக்கூடப் பெயரில்கூட இன்னும் பாவடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது மில்லிலேயே பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, பீம் என்கிற உருளையில் சுற்றி வந்துவிடுகிறது. ஆகவே நில விலை ஏறியதால்தான் பாவடி போயிற்று என்று சொன்னால் அது பொய். வேலை போனது, இடம் சும்மா கிடந்தது, சும்மா கிடக்கும் இடத்துக்கு விலை கேட்க ஆள் வந்தது.

1964-இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் லண்டனைப் பற்றி எழுதும்போது 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற சொல்லை உண்டாக்கினார். இஸ்லிங்டன் போன்ற பகுதிகளில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய வீடுகளை வசதியானவர்கள் ஒவ்வொன்றாக வாங்கி, புதுப்பித்துக் குடிவந்தார்கள். வாடகை ஏறியது. பழைய குடிகள் கிளம்பினார்கள். அப்புறம் 1979-இல் நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் அதற்கு ஒரு கணக்கு சொன்னார். ஒரு இடம் இன்றைக்குத் தரும் வாடகை ஒன்று. அதை வேறு விதமாகப் பயன்படுத்தினால் தரக்கூடிய வாடகை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகன்றால் பணம் தானாக அங்கே வந்து இறங்கும். நம் ஊர் புரோக்கர்கள் யாரும் அவரைப் படித்ததில்லை. ஆனால் டீ ஆறுவதற்குள் திண்ணையில் உட்கார்ந்தபடியே அந்தக் கணக்கைப் போட்டுவிடுவார்கள். வீடாக விட்டால் 4,000, முன்பக்கத்தை இடித்து ஷட்டர் போட்டால் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குத்தான் கை அரிக்காது?

ஆனால் லண்டன் கதையை அப்படியே எடுத்து நம் பேட்டைக்கு மாட்ட முடியாது. அங்கே ஆள் மாறினார்கள். இங்கே வாங்குகிறவர் குடியிருக்க வருவதில்லை. குடோன் போட வருகிறார், ஷோரூம் கட்ட வருகிறார், ஸ்கேன் சென்டர் வைக்க வருகிறார். விற்றவரின் பிள்ளைகள் ஃபேர்லண்ட்ஸ் பக்கமோ சூரமங்கலம் தாண்டியோ போய்விடுகிறார்கள், இல்லையென்றால் பெங்களூர். ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கியபிறகு சில தெருக்களில் நாய்கூட உட்கார ஆள் தேடுகிறது. நம்முடைய நோய்க்கு இன்னும் தமிழில் பேர் வைக்கவில்லை. பேர் வைப்பது பேராசிரியர்கள் வேலை, நான் நகர்ந்துகொள்கிறேன்.

குழியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நெசவாளி தரையோடு தரையாக உட்கார்ந்து, இரண்டு காலையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். மண்ணின் ஈரம் நூல் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் இந்தத் தறிக்குத் தரைத்தளம்தான் ஆகும். மாடிக்கு ஏற்ற முடியாது. கடைக்கும் தரைத்தளம்தான் வேண்டும், வண்டி நிறுத்தவும் தரைத்தளம்தான் வேண்டும். ஆக, பேட்டையில் சண்டை முழுக்கத் தரைத்தளத்துக்குத்தான்.

ஒரு லைன் வீடு கிரயம் ஆயிற்று. அஞ்சு வீடு, அஞ்சிலும் வாடகைக் குடி. அதில் ஒருவர் 22 வருஷமாக அங்கே வெண்பட்டு வேட்டி நெய்துகொண்டிருந்தார். பத்திரம் தயாரான அன்றைக்கு என் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொன்னபிறகுதான் உட்கார்ந்தார்.

"தம்பி, குழியப் பத்தி இதுல எங்கயாச்சும் எழுதுவீங்களா?"

"அது வீட்டோட சேர்ந்ததுங்கய்யா, தனியா எழுத மாட்டோம்."

"நான் வெட்டுனதுங்களே."

எனக்குப் பதில் வரவில்லை. சட்டப்படி நான் சொன்னதுதான் சரி. அவர் சொன்னதும் சரி. அவரே மண்வெட்டி பிடித்து, நாலு பக்கமும் செங்கல் கட்டி, வருஷா வருஷம் பொங்கலுக்குச் சாணி மெழுகி வைத்திருந்த குழி. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். சுவரை இடித்த கல்லையும் கூரை ஓடுகளையும் போட்டே குழியை மூடியிருந்தார்கள். மேலே எம்சாண்ட் கொட்டிக் கிடந்தது.

அவர் வேறு வீடு தேடினார். வாடகை ஒரு பக்கம் இருக்கட்டும், டைல்ஸ் போட்ட வீட்டில் குழி வெட்ட யார் விடுவார்கள்? 'தறியா? சத்தம் வருமே' என்பார்கள். இப்போது இளம்பிள்ளைப் பக்கம் மகனோடு இருக்கிறார், விசைத்தறி வேலைக்குப் போகிறார். போன மாதம் பார்த்தபோது முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஆயுசு முழுக்க உக்காந்து நெஞ்சவன் தம்பி, இப்ப நின்னுக்கிட்டே இருக்கணும்." சேலத்துத் துணிக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். குறியீடு புவிக்குத்தான் போலிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கத்து வெள்ளிப் பட்டறைகளும் இதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு கொலுசு ஒரே வீட்டில் உருவாவதில்லை. உருக்குவது ஒரு இடம், கம்பி இழுப்பது ஒரு இடம், பற்றவைப்பது ஒரு வீட்டுப் பெண்கள், மெருகு போடுவது இன்னொரு பட்டறை. பையன் சட்டைப்பையில் வெள்ளியைப் போட்டுக்கொண்டு நாலு சந்து நடப்பான். எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் இருப்பதால்தான் அந்தக் கூலியில் அந்தத் தொழில் நிற்கிறது. நடுவில் ஒரு கண்ணி கழன்று பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால், மிச்சம் இருப்பவர்களுக்கும் கட்டுபடியாகாது. புதிதாக வந்த ஃப்ளாட்காரர்கள் ஆசிட் நெடி என்று புகார் கொடுக்கிறார்கள். அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது, அந்த நெடியைப் பட்டறைக்காரர் பிள்ளையும்தானே சுவாசிக்கிறது? நெடி போக வழி செய்யச் சொல்லவேண்டும். பட்டறையே போகவேண்டும் என்றால் அது வேறு பேச்சு.

பழைய பேட்டையைப் பாராட்டிப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அங்கே வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி என்ன தொழில் என்பதாக இருக்காது. 'நீங்க எந்த ஆளுங்க?' என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை பேர் அந்தக் கேள்வியிலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள் என்பதற்கு என் மேஜையே சாட்சி. அந்தப் பொதுக்கிணறும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. புது அடுக்குமாடியில் இந்தக் கேள்வி ஒழிந்துவிட்டதா என்றால், 'வெஜிடேரியன் மட்டும்' என்று சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு நிமிஷம். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, குடியிருப்பவரைக் காலி செய்ய வீட்டுக்காரர் காரணம் காட்டவேண்டும். அதனால் நாற்பது வருஷத்துக்கு முந்தைய வாடகையிலேயே கடைகள் ஓடின, வீட்டுக்காரரும் ஒரு ஓடுகூட மாற்றாமல் கட்டடத்தை விழவிட்டார். அதுவும் நல்லதில்லை. 2017-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இப்போது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வாடகை, அதுதான் காலம். கையெழுத்துப் போடும் இரண்டு பேருக்கும் ஒரே பலம் இருந்தால் இது நல்ல சட்டம். தறிக்காரர் கையெழுத்துப் போடும்போது நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பத்திரத்தைப் படிப்பதில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போடுகிறார்.

2016-இல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து இரண்டடுக்காகக் கட்டி 2023-இல் திறந்தார்கள். மழையில் சேறு மிதித்து பஸ் ஏறிய எனக்கு அதில் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் புதுக் கட்டடம் வந்தால் கடைகள் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் தட்டு வடை செட்டு விற்கிற அம்மா கை தூக்க முடியுமா? நடைபாதை வியாபாரிகளுக்கென்று 2014-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுத்து, சான்று கொடுத்து, இடம் ஒதுக்கவேண்டும். நகர விற்பனைக் குழுவில் அவர்களும் உட்காரவேண்டும். இந்தச் சட்டத்தைப் படித்த தள்ளுவண்டிக்காரர் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தமிழில் நாலு பக்கம் சுருக்கி எழுதிக் கொடுக்க உத்தேசம். அச்சுக்கூலி இந்த அவையிலிருந்து வந்தால் சந்தோஷம்.

ஆடி வந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கோட்டை மாரியம்மனுக்கும் பேட்டை மாரியம்மன்களுக்கும் பண்டிகை. குகையில் வண்டி வேடிக்கை. சாமி வேஷம் கட்டினவர்கள் வண்டியில் வர, தெரு கொள்ளாத கூட்டம். பண்டிகைக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டை எனக்கு ஒருவர் காட்டினார். பேர் எல்லாம் பழைய பேர், எதிரே இருக்கும் போன் நம்பரில் பாதி வெளியூர். ஊரைவிட்டுப் போய் இருபது வருஷம் ஆனவர் வரி கட்டுகிறார், தலைக்கட்டு இங்கேதான் என்கிறார். அதே தெருவில் 22 வருஷம் வாடகைக்கு இருந்து நெய்தவர் பேர் அந்த நோட்டில் இல்லை. குடக்கூலிக்காரருக்குத் தலைக்கட்டு கிடையாதாம். அவர் பேர் பத்திரத்திலும் இல்லை, நோட்டிலும் இல்லை. இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் குழிதான்.

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. ஒரு வேலை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். உங்கள் வீட்டில் மூலப் பத்திரம் இருந்தால் பரணிலிருந்து எடுத்துச் செக்குபந்தியைப் படித்துப் பாருங்கள். பாவடி, பொதுச்சந்து, மாமூல் தடம், கிணறு என்று எது வந்தாலும் அடிக்கோடு போடுங்கள். அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சில இடங்களில் பாத்தியம் இன்னும் செத்திருக்காது. பழைய கையெழுத்து புரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் கொண்டுவாருங்கள், வாசித்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், மடிப்பில் மறைந்த எழுத்தை அப்புறம் யாராலும் பிரித்துப் படிக்க முடியாது.