மாராவுக்கு 3 நாள் வழி

சகோதர சகோதரிகளே,

வாடைக்காற்று எழுந்துவிட்டால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வள்ளங்கள் கரையேறிவிடும். கடைக் கொப்பியில் கடன் ஏறும், வீட்டுக்குள் பேச்சின் தொனியே மாறும். அந்த மாதங்களுக்காகவே யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தைத் திறக்கிறேன்.

எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்து கரையில் பாடிய பாட்டும், மாரா என்ற இடத்தில் கசந்த தண்ணீரைக் கண்டு முறுமுறுத்த முறுமுறுப்பும் அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. இடையில் 3 நாள் நடைதான். தண்ணீர் கசந்தது மெய். ஜனங்கள் மோசேக்கு விரோதமாக முறுமுறுத்தார்கள். மோசே கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டான். தாகம் எல்லோருக்கும் ஒன்றே, முகம் திரும்பிய திசைதான் வேறு. முறுமுறுப்பு ஆண்டவரின் முதுகுக்குப் பின்னால் பேசுவது. முறையீடு அவர் முகத்துக்கு நேரே பேசுவது. துதி முறையீட்டிலிருந்துதான் பிறக்கும்.

சங்கீதம் 13இல் 6 வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த இரண்டு வேண்டுதல். பாட்டு கடைசியில்தான். இந்த ஒழுங்கை வீட்டு ஜெபத்துக்கு எடுங்கள். குறையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "வலை கிழிந்துவிட்டது, சீட்டுக் கட்டக் காசில்லை." பொதுவாகக் "கஷ்டம் ஆண்டவரே" என்றால் நெஞ்சுப் பாரம் இறங்காது. வேண்டியதை ஒரே வரியில் கேளுங்கள். பிறகு முன்பு கிடைத்த உதவி ஒன்றை, இன்ன நாள், இன்ன இடம் என்று ஒருவர் சொல்லட்டும்; பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதட்டும். முடிவில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு கீர்த்தனை. 10 நிமிடம் போதும். குறையைச் சொல்லாமல் நேரே பாட்டுக்குப் பாய்ந்தால், அது அடுப்படியில் முறுமுறுப்பாக வெளியே வரும்.

இதைவிடக் கொடிய தவறு ஒன்றுண்டு. செத்தவீட்டில் போய் "அழாதீர்கள், துதியுங்கள்" என்பது. துக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் உடுப்பைக் களைவது போல என்கிறது நீதிமொழிகள் 25:20. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அநியாயத்தை மூடவும் துதியை எடுக்காதீர்கள். கிடைக்கவேண்டிய நிவாரணம் கிடைக்காதவர் கிராம அலுவலரிடம் மனுக் கொடுப்பது முறுமுறுப்பாகாது.

சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, பாட்டுக்குத் திரும்பவேயில்லை. அதையும் ஜெபமென்றே வேதம் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு வீட்டில் இன்றிரவு முறையீட்டோடு ஜெபம் நின்றுபோனால், நிற்கட்டும். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் பாடியவர்கள் பவுலும் சீலாவும் இருவர்தான். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் உங்கள் வீட்டில் பாடுங்கள். முறையீட்டோடு நின்ற அந்த வீட்டுக்குப் போகும்போது அரிசி கொண்டுபோங்கள், பக்கத்தில் உட்காருங்கள். அவர்களாகக் கேட்கும் நாளில் அங்கேயும் பாடலாம்.