தூரத்துக் கடல் மழையும் டெல்டா வெயிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

கத்திரி தொடங்கும் நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. கத்திரியில் எந்த வாரம் ஆளைச் சுருட்டிப் போடும், எந்த வாரம் சற்றுத் தணியும் என்பது அதில் இருக்காது. அதற்கான துப்பு பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, நிலநடுக்கோட்டுக் கடல்களில் பெய்யும் மழையில் இருக்கிறது.

ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், பசிபிக் நடுவே கேன்டன் என்ற சிறு தீவில் பலூன் விட்டு அளந்த காற்றின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அங்கே காற்றும் அழுத்தமும் 40, 50 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை 1971இல் வெளியிட்டார்கள். இன்று அதற்கு மேடன்-ஜூலியன் அலைவு என்று பெயர். இந்தியப் பெருங்கடலில் திரளும் மழைமேகக் கூட்டம், விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்ந்து, இந்தோனேசியத் தீவுகளைத் தாண்டிப் பசிபிக்குக்குப் போகிறது.

அந்த மழை வெளிவிடும் வெப்பம் காற்றை 12 கிலோமீட்டருக்கும் மேலே தூக்குகிறது. மேலே போன காற்று விரிந்து, வடக்கே வெகு உயரத்தில் ஆறுபோல் விரைந்தோடும் ஜெட் காற்றோட்டத்தை நெளிய வைக்கிறது. அந்த நெளிவு அலையாகக் கண்டம் விட்டுக் கண்டம் போகிறது. அலையின் முகடு நின்றுவிடும் இடத்தில் காற்று கீழே இறங்கும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். மேகம் கலையும், மண் காயும், வெப்ப அலை பிறக்கும். நம்மைப் போலவே நெல் விளைவிக்கும் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் இந்தத் தொடர்பை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் அந்த ஊரின் பெரும்பகுதி தீக்கு இரையானது. அந்த வெயிலுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆசியாவின் பக்கமிருந்து கிளம்பிய அலையும் அவற்றில் ஒன்று.

டெல்டாவில் கதை வேறு விதம். நமக்கு மே மாதத்தில் உயிர்நாடி கடற்காற்று. நாகப்பட்டினத்தில் நண்பகலுக்குள் அது வந்துவிட்டால் வெயில் அடங்கும். மேலைக்காற்று பலத்து நின்றால் கடற்காற்று மூன்று மணி வரைக்கும் எட்டிப் பார்க்காது. சில நாள் வரவே வராது. அலைவின் மழைக்கட்டம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும்போது வங்கக் கடலில் புயல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. புயல் நம்மை விட்டு வடக்கே போனால், நிலப்பகுதியிலிருந்து வறண்ட காற்றை நம் தலைக்கு மேல் இழுத்துப் போகும். 2019இல் ஃபானி புயல் தமிழகத்துப் பக்கம் வரும் என்று காத்திருந்தோம். அது ஒடிசாவுக்குப் போனது. மழை பெய்யும் என்று நம்பியிருக்கும் வாரத்தில் வெயில் கூடுவது இப்படித்தான்.

அன்றாட வானிலையை இரண்டு வாரத்துக்கு அப்பால் நாள் குறித்துச் சொல்ல முடியாது. இந்த அலைவு மெதுவாக நகர்வதால், அது வலுவாக இருக்கும்போது மூன்று, நான்கு வாரம் முன்பே அதன் போக்கைக் கணிக்க முடிகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்த சேதி கேட்டதும் கடைமடை விவசாயி நாள் எண்ணத் தொடங்குவாரே, அது போன்ற கணக்கு இது. வாய்க்காலில் உடைப்பு வருவதுபோல் இதுவும் இந்தோனேசியத் தீவுகளில் சிதறிப் போவதுண்டு. ஆகவே, 'வழக்கத்தைவிட வெப்பம் கூட வாய்ப்பு அதிகம்' என்ற அளவில்தான் சொல்ல முடியும்.

அந்த வாய்ப்புக் கணக்கே எவ்வளவோ உதவும். கோடை நெல் பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். நடவுத் தேதியைச் சற்று முன்பின் நகர்த்தலாம். குறுவை நாற்றங்காலுக்கு பம்ப்செட் தண்ணீரை எந்த வாரத்துக்கு ஒதுக்குவது என்று பார்க்கலாம். திருவாரூர்ப் பக்கம் மே மாதத்தில் பருத்தி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். இடுப்பில் கட்டிய சேலை மடி நிறையப் பஞ்சு, தலையில் ஒரு துண்டு, நிழலே இல்லாத வயல். அந்த வாரம் கடுமையாக இருக்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால், விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டு முழுக் கூலி தருவதென்று நிலக்காரரும் அவர்களும் முன்பே பேசி வைக்கலாம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அவசரமாகப் படுகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த நான்கு வாரத்துக்கான கணிப்பை வெளியிடுகிறது. அது வயல் வரப்புக்கு வந்து சேர்வதில்லை. மேட்டூர் நீர்மட்டத்தை வானொலியில் வாசிப்பதுபோல, கோடை மாதங்களில் வெள்ளிக்கிழமைதோறும் இதையும் நாலு வரித் தமிழில் வாசிக்க வேண்டும் என்று நிலையத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.