மரடோனாவும் நம்ம வியாசர்பாடி கிரவுண்டும்

மேடையில இருக்குற தலைவர் அவர்களே, எவ்ளோ வேலை இருந்தும் நேரத்துக்கு வந்து குந்திகினு இருக்குற கவுன்சிலர் அம்மா அவர்களே, சால்வையே வேணாம்னு அடம்புடிச்சு கடைசியில வாங்கிகின நம்ம கோச் அண்ணாத்த அவர்களே, காசு வாங்காம மைக்செட் போட்ட தம்பி, ஜெர்ஸியோட மண்ணுல உக்காந்துகீற புள்ளைங்களே, வணக்கம். பேரு வுட்டிருந்தா கோச்சிக்காதீங்க.

அர்ஜென்டினா ஃபுட்பால் பிளேயரு மரடோனாவ பத்தி மூணு மேட்டர் பேசணும். அவரு வளந்த ஏரியா, அவரு ஆடுன நாப்போலின்ற இத்தாலி கிளப்பு, அப்புறம் அந்த போதை விஷயம்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், எங்க ஆயா அடிக்கடி சொல்லும். இவரு கோணக் கூடத்துலயே ஆடுனவரு. பியூனஸ் அயர்ஸ் ஓரமா வில்லா ஃபியோரிட்டோன்னு குடிசை ஏரியா, வீட்டுல எட்டு புள்ளைங்க. 1986 உலகக் கோப்பையில இங்கிலாந்துக்கு எதிரா கையில ஒரு கோலு, நாலு நிமிஷத்துல காலால ஒண்ணு, அத நீங்களே யூட்யூப்ல மனப்பாடமா பாத்துருப்பீங்க, வுடுங்க.

இத கேளுங்க. 1984ல உலகத்துலயே அதிக வெலைக்கு நாப்போலி அவர வாங்குது. அடுத்த வருஷம் கூட ஆடுற ஒருத்தரு வந்து, எங்க ஊர்ல ஒரு கொழந்தைக்கு ஆபரேஷன், பணம் இல்ல, ஒரு மேட்ச் ஆடித் தர்றியான்னு கேக்குறாரு. கிளப் ஓனரு முடியாதுன்றாரு, கால் போச்சுன்னா அவ்ளோ காசும் போச்சுல்ல. நம்மாளு இன்சூரன்ஸ் காச தானே கட்டிட்டு கெளம்பிட்டாரு. அசெர்ரான்னு ஊரு, கிரவுண்டு பூரா சேறு, கார் நிக்குற எடத்துல வார்ம் அப்பு, அப்புறம் அந்த சேத்துல எறங்கி வழுக்கிகினே எதிர்ல வந்தவங்கள ஏமாத்தி கோல் போடுறாரு பாருங்க, கைதட்டுங்கப்பா!

நம்ம கிரவுண்டு மட்டும் இன்னா, மழை பேஞ்சா ரெண்டு வாரம் கொளம். மனு குடுக்கப் போன எடத்துல ஒரு ஆபீசரு, மொதல்ல பசங்க கப்பு ஜெயிக்கட்டும், அப்புறம் லைட்டு பாக்கலாம்னாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், சரி சார், எங்க புள்ளைங்களுக்கு ஆடத் தெரியும், கூடம் நெஜமாவே கோணல், வந்து பாருங்க! பொண்ணுங்க டீமுக்கு டிரஸ் மாத்த ரூம் இல்ல, பாத்ரூம் இல்ல, எதிர் வீட்டு அக்கா கதவு தொறந்தாத்தான் உண்டு.

நாப்போலிக்கு 1987லயும் 1990லயும் லீக் ஜெயிச்சு குடுத்தாரு, 2020ல செத்தப்புறம் ஸ்டேடியத்துக்கே அவரு பேரு. நாம பேரா கேக்குறோம்? வடிகால், நாலு லைட்டு, ஒரு பாத்ரூம். போதை மேட்டர் இன்னொரு நாளு, தலைவரு வாட்ச்ச பாக்குறாரு. டீ கொடுக்குற டேபிள்ல இதுக்கான மனு நோட்டு இருக்கு, கையெழுத்து போட்டுட்டு டீ குடிங்க, கவுன்சிலர் அம்மா மொதல்ல போடுவாங்க.